ஒரே மீட்டரில் இரண்டு வீடு

“வருகிற செவ்வாய்க்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வரலாமா? வசதிப்படாவிட்டால் வேறு ஒரு நாள் சொல்லுங்கள்.” இப்படி ஒரு குறுஞ்செய்தி என் கைப்பேசியில் வந்து விழுந்தது. அனுப்பியவர் கெவின். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. நான் இருக்கிற வீடு அவருடையது. தன்னுடைய அம்மா விட்டுப்போன வீட்டுக்குள் கால் வைக்க, போன வருடம் பெட்டியோடு வந்து இறங்கிய என்னிடம் அந்த மனிதர் நேரம் கேட்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உடனே அதைத் தமிழாக்கி இலங்கையில், பதுளையிலிருக்கும் அம்மாவுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். அம்மா திருப்பி அனுப்பிய பதிவு இது: “அவரு வீட்டுக்கு வர ஒன்கிட்ட எதுக்குடி கேக்குறாரு? சாவியத் தொலைச்சிட்டாரா?”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்கள். அங்கே கதவைத் தட்டுவது என்ற பழக்கமே கிடையாது. கணக்கப்பிள்ளை வந்தாலும், மருந்தடிக்க ஆள் வந்தாலும், பக்கத்துக் காம்பராவிலிருந்து நெருப்புப்பெட்டி கேட்டு யாராவது வந்தாலும் நேரே உள்ளே வந்து நின்றுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். இங்கிலாந்தில் டார்பிக்குப் பக்கத்தில் இந்தச் சிறு நகரத்துக்கு வந்து இறங்கிய அன்று, நான் வாடகைக்கு எடுத்திருந்த தெருவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே நீளமான செங்கல் வரிசை. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அந்தக் காலத்தில் ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டினார்களாம். இங்கே இதை டெரஸ் என்கிறார்கள். மாடி வைத்த லயம் என்று நான் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது கேட்கும், ஆனால் அவர் பெயர் என்ன என்று கேட்டால் தெரியாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. லயத்துக்கு வாடகை கிடையாது. ஊரில் இருக்கும் மற்றவர்கள் இதைக் கேட்டால் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைப்பார்கள். வாடகைக்குப் பதிலாக அங்கே ஒரு பெயர் வேண்டும். வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் வரைக்கும்தான் காம்பரா. கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் காரியாலயத்தில் சொல்லலாம். சொன்னால் எழுதிக்கொள்வார்கள். தகரம் வராது. அதனால் காற்றுக் காலம் தொடங்கும் முன்பே லயம் முழுக்க ஆட்கள் கூரையேறிவிடுவார்கள். பழைய டயர், ஆற்றுக் கல், உடைந்த ஆட்டுக்கல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தகரத்தின் மேல் தூக்கி வைப்போம். எங்களுடையது இல்லாத கூரை என்று யாரும் யோசித்ததில்லை. கீழே படுப்பது நாங்கள்தானே. அப்பா இறந்த பிறகு அந்தக் கல் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் விறுவிறுவென்று ஏறிவிடுவேன். இறங்கும்போதுதான் அம்மா கீழே நின்று சாமி பெயரையெல்லாம் கூப்பிடுவார்.

மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு, மழை கனத்துப் பெய்கிற நாட்களில் அம்மா தூங்குவதை நிறுத்திவிட்டார். கொழுந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாபப் பணத்தில் பதுளை டவுனுக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கி, ஓர் அறையும் குசினியுமாக வீடு கட்டினார். எங்கள் பரம்பரையிலேயே பத்திரத்தில் பெயர் ஏறிய முதல் ஆள் அவர்தான். அதன் மேல் ஒரு மாடி எழுப்பினால் வாடகைக்கு விடலாம் என்பது என்னுடைய யோசனை. எனக்கு ஒரு யோசனை வந்தால் பொறுமை இருக்காது. வங்கிக் கடன் எடுத்தோம். அடுத்து வந்த பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலையேறின, வட்டியும் ஏறியது. மாடி எழும்பிவிட்டது, கடனும் கூடவே எழும்பியது. மேல் வீட்டு வாடகை கடனுக்குப் போகும், குறைவதை நான் இங்கிருந்து அனுப்புவேன் என்பது கணக்கு. நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என் வாடகையும் பஸ் காசும் போக மிஞ்சுவது அதிகமில்லை. ஆகவே விஷயம் இதுதான்: மேல் வீடு காலியானால் கடன் தவணை நிற்கும், தவணை நின்றால் வீடு வங்கிக்குப் போகும். அப்புறம் அம்மா ஸ்பிரிங்வெளிக்குத் திரும்பி, மாமா வீட்டுக் காம்பராவில் ஓர் ஓரத்தில் பாய் போட வேண்டும்.

மேல் வீட்டுக்கு வந்தவர்கள் ஃபர்ஸானாவும் அவர் கணவர் நியாஸும். நியாஸுக்குக் கடைவீதியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை. ஃபர்ஸானா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். குடிவந்த பிறகு பிறந்த ஒரு கைக்குழந்தையும் உண்டு. அம்மா அவர்களிடம் எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, முற்பணமும் கேட்கவில்லை. “புள்ளத்தாச்சியா வந்து நிக்கிறவகிட்ட அட்வான்ஸ் கேக்கவா?” என்றார். கரண்டும் தண்ணீரும் வாடகைக்குள்ளேயே அடக்கம். காரணம், வீடு முழுவதுக்கும் ஒரே மீட்டர்தான். அம்மா கதவைத் தட்டாமல் மாடிக்குப் போய், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஃபர்ஸானாவின் குசினியில் நின்று கதை பேசிவிட்டு வருவார். வீட்டுச் சொந்தக்காரி என்றால் எப்படி நடக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் பார்த்த ஒரே சொந்தக்காரன் தோட்டக் கம்பனிதான். அது மாதிரி இருக்கக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கெவின் வந்தார். வாசல் மிதியடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தன் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நின்றார். பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கொல்லையில் ஒரு மரக் கொட்டகை இருக்கிறது, ஷெட் என்பார்கள். குளிர்காலத்துக்கு முன்னால் பெரிய காற்று அடிக்கும் என்று செய்தியில் சொன்னதும், நான் வேலியோரம் கிடந்த செங்கற்களைப் பொறுக்கி அதன் கூரையில் வரிசையாக அடுக்கியிருந்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, காற்று வருகிறது, கல் வைக்கிறோம். கெவினுக்கு அது விளங்கவில்லை. யாராவது பொடியன்கள் எறிந்ததா என்று கேட்டார். நான்தான் வைத்தேன் என்றேன். எதற்கு என்று கேட்டார். கூரை பறக்காமலிருக்க என்றேன். இது திருகாணி போட்ட கூரை, பறக்காது, நீங்கள் விழுந்திருந்தால் என்ன ஆவது, காப்புறுதிக்காரர்களிடம் நான் என்ன சொல்வேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றிருந்தேன்.

தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய தேயிலை. இரண்டு மிடறு குடித்துவிட்டு, அவர் வந்த காரியத்தைச் சொல்ல ஆரம்பித்தார். வாடகையைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட பாதை நாமுனுகுல மலையைச் சுற்றிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. வீட்டைத் திருத்த எடுத்த கடனுக்குப் பழைய குறைந்த வட்டி முடிந்துவிட்டதாம், புதிய வட்டி கழுத்தைப் பிடிக்கிறதாம். வாடகைக்கு விடுகிறவர்கள் நகரசபையில் லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம், அதற்கு ஒரு கட்டணம். பாய்லருக்கு வருடா வருடம் சான்றிதழ். சூடு வெளியே போகாமல் சுவரையும் சன்னலையும் திருத்த வேண்டும் என்று இன்னொரு விதி வரப்போகிறதாம். ஒவ்வொன்றும் தப்பில்லை, குடியிருப்பவர்களுக்கு நல்லதுதான், ஆனால் எல்லாம் ஒன்றாக வந்து என் தலையில் உட்காருகின்றன என்றார். ஒரே ஒரு வீடு வைத்திருக்கிறவனையும் நூறு வீடு வைத்திருக்கிறவனையும் ஒரே தராசில் போடுகிறார்கள் என்றார். இப்படியே போனால் விற்றுவிட வேண்டியதுதான், நிச்சயமாகச் சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றார். விற்பதென்றாலும் மாதக்கணக்கில் முன்கூட்டியே எனக்கு அறிவிக்க வேண்டும், காரணமில்லாமல் யாரையும் வெளியே அனுப்ப முடியாதபடி சட்டம் மாறுகிறது என்பதையும் அவரே சொன்னார்.

எனக்கு மனசு உருகிவிட்டது. ஒரு சொந்தக்காரர் குடியிருப்பவளுக்கு முன்னால் உட்கார்ந்து காரணம் சொல்வதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அவர் நீட்டிய கடதாசியை வாங்கி, பேனா எங்கே என்று தேடினேன். கெவின் பதறிப்போய்க் கடதாசியைத் திருப்பி இழுத்தார். “வாசிக்காமல் சம்மதிக்காதீர்கள். இது கூடுதல் என்று உங்களுக்குப் பட்டால் டிரிபியூனல் என்கிற வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே எனக்கு எதிராக முறையிடலாம். இலக்கம் இதோ பின்பக்கத்தில் இருக்கிறது” என்றார். உங்களுக்கு எதிராக நான் ஏன் முறையிட வேண்டும், நீங்கள் நல்லவர் ஆயிற்றே என்றேன். அவர் அதைக் கேட்டு இன்னும் சங்கடப்பட்டார். நான் அவரைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

அன்று மாலையே என் மூளை வேகமெடுத்துவிட்டது. கெவின் செய்வதெல்லாம் அம்மாவும் செய்யலாமே. ஒப்பந்தம் எழுதலாம், வருடத்துக்கு ஒருமுறை வாடகையைத் திருத்தலாம், மேலும் கீழும் மீட்டரைப் பிரிக்கலாம், மாடிக்குப் போகும் முன் நேரம் கேட்கலாம். அம்மாவை அழைத்து மூச்சுவிடாமல் சொன்னேன்.

“சொல்லி முடிச்சிட்டியா?” என்றார் அம்மா.

“முடிச்சிட்டேன்.”

“அந்த வெள்ளக்காரரு பாவம், வாடகை கூட்ட வந்து ஒன் பேச்சக் கேட்டு முழிச்சிட்டுப் போயிருக்காரு. நீ என்னய அவரு மாதிரி ஆகச் சொல்ற.”

“அம்மா, கரண்ட் பில் யார் கட்டுறது?”

“நாந்தான்.”

“வாடகைய விட அது கூடிரும் போல இருக்கே.”

“வெளங்குது பாப்பா. சரி, மேல போயி ஒரு வார்த்த சொல்றேன்.”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் கரண்டுக்கு விலை படிப்படியாக வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பாவித்தால் ஒரு விலை. ஒரு படி தாண்டினால் அடுத்த அலகுகளுக்கு விலை கூடிவிடும், கூடவே நிலையான கட்டணமும் ஏறும். ஏழைக்குக் குறைவாகவும் வசதியானவனுக்குக் கூடவும் வரட்டும் என்ற நல்ல நினைப்புத்தான். ஆனால் ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருந்தால் இரண்டு ஏழையும் சேர்ந்து ஒரு பணக்காரனாகிவிடுவார்கள். அம்மாவின் வீடு அப்படித்தான் ஆனது. கட்டணத்தைக் கூட்டும் செய்தி வரும்போதெல்லாம் கீழே டீவியில் அம்மா கேட்பார், மேலே டீவியில் ஃபர்ஸானா கேட்பார். தண்ணீர்க் கட்டணமும் ஏறியது. தண்ணீருக்காவது மாடியில் தனியாகக் காசு வாங்குங்கள் என்றேன். அம்மாவுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. “பீலித் தண்ணிக்கு யாராச்சும் காசு வாங்குவாகளா? அந்தப் பேச்ச வுட்டுரு.” லயத்தில் மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற தண்ணீரைப் பீலி என்போம். லயத்துச் சனம் முழுக்க அதில்தான் குளிக்கும், அதில்தான் குடிக்கும். பதுளை டவுனில் அம்மா வீட்டுக்கு வருவது மீட்டர் வைத்த குழாய்த் தண்ணீர்தான். அம்மாவுக்கு அதுவும் பீலிதான்.

ஒரு வார்த்தை சொல்ல மாடிக்குப் போன அம்மா, ஒரு தட்டு முறுக்கைக் கொடுத்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லாமலே இறங்கி வந்திருக்கிறார். என்னிடம் “சொல்லியாச்சு, சொல்லியாச்சு” என்றார். அடுத்த சில மாதங்கள் பில் குறைந்துகொண்டே வந்தது. ஃபர்ஸானா புரிந்துகொண்டார் போல என்று நான் மகிழ்ந்தேன். கெவினின் பாடத்தை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்ட திருப்தி எனக்கு. ஆனால் அம்மாவின் முகம் மட்டும் வாடிக்கொண்டு வந்தது. ஒரு நாள் கேட்டேன்.

“அவுக போயிருவாக போல பாப்பா” என்றார்.

“யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. மேல தையல் மெசின் சத்தம் கேக்கல. முந்தி விடிஞ்சதுலருந்து கடகடன்னு ஓடும். பொழுது பட்டாலும் லைட்டு ஒண்ணே ஒண்ணுதான் எரியுது. சாமானக் கட்டுறாக போல. நியாஸ் தம்பி ஹாலிஎல பக்கம் வீடு பாக்குறதா கடையில பேசிக்கிட்டாகளாம்.”

அம்மா அன்றைக்கும் வெளியே நின்றுதான் பேசினார். கொஞ்ச நாளாகவே வீடியோ அழைப்பில் அவரைக் குசினிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட விறகடுப்பின் பக்கத்தில்தான் பார்க்கிறேன். புகை வந்து திரையை மூடும். சோறு ஆக்கும் சட்டி எங்கே, மின் அடுப்பு எங்கே என்று கேட்டால் விறகுச் சோறுதான் ருசி என்பார். அன்று வெங்காயம் எடுக்க உள்ளே போனபோது கைப்பேசியும் கூடப் போனது. ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே வெளிச்சம் வரவில்லை. வெங்காயம், உருளைக்கிழங்கு, கவிழ்த்து வைத்த தட்டுகள், ஒரு மூலையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. நான் முதல் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்த ஃபிரிட்ஜ் அலுமாரியாகிவிட்டிருந்தது. பழுதா என்று கேட்டேன். “இல்ல, புடுங்கி வச்சிருக்கேன். அந்தப் புள்ள மெசினு ஓட்டணும்ல, மீட்டரு அதுக்கு இருக்கட்டும்” என்றார். வாடகையைக் கூட்டிக் கேட்க வாய் வரவில்லை, கூட்டாமல் கட்டவும் முடியவில்லை. அதனால் தன் பாதியைத் தானே அணைத்துக்கொண்டிருக்கிறார். 

இதற்குப் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அம்மாவும் ஃபர்ஸானாவும் ஒரே கைப்பேசிக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கிக்கொண்டு சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒரு காலையில் மின்சாரக் காரியாலயத்திலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். மூத்தவர் சிங்களவர், தமிழ் பேசுவார். இரண்டு குடும்பம் இருக்கிற வீட்டில் பில் விழுந்த வேகத்தைப் பார்த்து, யாரோ மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம்.

“அம்மே, இந்த வீட்டுல ஆள் இல்லையா?” என்று கேட்டாராம்.

“அப்ப நான் யாரு மாத்தயா?” என்றாராம் அம்மா, ஐயா என்பதைச் சிங்களத்தில் சொல்லி.

சோதிக்க வேண்டும், வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுங்கள் என்றிருக்கிறார். அம்மா லைட்டைப் போட்டார், டீவியைப் போட்டார். ஃபிரிட்ஜையும் போடச் சொன்னார் அவர். போட வேணாம் மாத்தயா என்றார் அம்மா. சந்தேகம் கூடிப்போய் அவரே கதவைத் திறந்தார். “ஃபிரிட்ஜுக்குள்ள வெங்காயமா?” என்று அவர் கேட்ட நேரம் குழந்தையோடு படியில் இறங்கி வந்த ஃபர்ஸானா அதைப் பார்த்துவிட்டார்.

“ஏன் ஆன்ட்டி இப்பிடி?”

அம்மா ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினார். மாத்தயா மாடியையும் பார்க்க வேண்டுமென்றார். அம்மா பின்னாலேயே போனார். மேலே மோட்டார் தையல் மெசின் துணி போட்டு மூடிக் கிடந்தது. அதன் பக்கத்தில் காலால் மிதிக்கும் ஒரு பழைய மெசின், ஃபர்ஸானாவின் உம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சன்னல் கட்டையில் கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி ஒன்று சாம்பலோடு இருந்தது. இப்போது அம்மாவின் முறை.

“என்னா புள்ள இது?”

“ஆன்ட்டி தனியா இவ்வளவு பில்லு கட்டுறீங்க. ஒவ்வொருக்கா நியூஸ்ல கூட்டுறாங்கன்னு சொல்லக்குள்ள எனக்கு கீழ வந்து உங்கட மொகத்தப் பாக்க ஏலாம ஈக்கும். கீழ டீவி சத்தமும் நின்டு போச்சு. எங்களோட கோவமாக்கும்னு நெனச்சன். வேற வீடு பாப்பமேன்டு இவரும் சொன்னாரு.”

“நீங்கதான் போகப் போறீகன்னு நான் சோறு தண்ணி எறங்காம கெடக்கேன்.”

மாத்தயா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். பிறகு கீழே இறங்கிப் போய் மீட்டரைப் பார்த்தார். எல்லாம் போட்டு விட்டிருந்ததால் அது தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. “மீட்டர் நல்லாத்தான் இருக்கு. ஆக்கள்தான் பிழை” என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போனாராம். இந்த இடத்தைச் சொல்லும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இடையில் ஃபர்ஸானா முந்தானையால் கண்ணைத் துடைத்ததையும் நான் பார்த்தேன்.

மதியம் நியாஸ் கடையிலிருந்து வந்திருக்கிறார். வாடகைப் பேச்சு அப்போதுதான் நடந்தது. நாளெல்லாம் கடைவீதியில் விலையைக் குறைக்கச் சொல்கிறவர்களோடு மல்லுக்கட்டுகிற மனிதர், அன்றைக்கு உட்கார்ந்து தான் கொடுக்க வேண்டிய விலையைக் கூட்டிக்கொண்டே போனாராம். அம்மா குறைத்துக்கொண்டே வந்தாராம். “ஆன்ட்டி, உங்களோட யாவாரம் செய்ய ஏலாது” என்று அவர் அலுத்துப்போனார். கடைசியில் நான் நினைத்ததைவிடக் குறைவான, அம்மா நினைத்ததைவிடக் கூடுதலான ஓர் இடத்தில் நின்றார்கள். கடன் தவணைக்கு அது போதும். மாடிக்கு இன்னொரு மீட்டர் வாங்க விண்ணப்பம் போட்டாயிற்று. அது வரும்வரை பில்லை ஒரு மாதம் மேல் வீடு, ஒரு மாதம் கீழ் வீடு என்று கட்டுவார்கள். தண்ணீருக்கு மட்டும் காசு கிடையாது. அதில் அம்மா ஓரடி நகரவில்லை. வீடு தப்பியது. அன்று சாயந்திரம் அம்மா கைப்பேசியை மாடிப்படிக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “கேளு” என்றார். மேலே மோட்டார் மெசின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கெவின் அடுத்த முறை, வழக்கம்போல நேரம் கேட்டுவிட்டு வந்தபோது, நான் இந்தக் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள், ஆரம்பத்திலேயே ஒரு மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருக்கலாமே என்றார். நான் எப்படி விளக்குவது என்று தெரியாமல் சிரித்தேன். அவர் இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, கூட்டிக் கேட்டது குடியிருப்பவர், குறைத்துக் கேட்டது உங்கள் அம்மா, அப்படியென்றால் இதில் யார்தான் சொந்தக்காரர் என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. அதன் பிறகு கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை, விற்பதாக முடிவெடுத்துவிட்டேன். சட்டப்படி உங்களுக்கு நேரம் இருக்கிறது. வாங்குகிறவரும் வாடகைக்கு விடுகிற ஆளாக இருந்தால் உங்களை இருக்கவிடச் சொல்லிக் கேட்பேன், வாக்குத் தர முடியாது என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தேநீர் போடட்டுமா என்று கேட்டேன். போடுங்கள் என்றார். பதுளையில் இரண்டு பெண்கள் ஃபிரிட்ஜை அணைத்தும் மெசினை மூடியும் காப்பாற்றிக்கொண்ட மாதிரி எதையாவது அணைத்து இந்த வீட்டைக் காப்பாற்ற எனக்கும் கெவினுக்கும் வழியில்லை. எங்களுக்கு நடுவில் ஒரு மீட்டர்கூட இல்லையே.

இப்போது வாசலில் விற்பனைப் பலகை நிற்கிறது. வேலை முடிந்து வரும்போது தூரத்திலிருந்தே தெரியும். என்னோடு இந்த வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் கேரளத்துத் தோழி வேறு இடம் தேட ஆரம்பித்துவிட்டாள். வாடகையெல்லாம் ஏறிக் கிடக்கிறது என்று தினமும் வந்து புலம்புகிறாள். கெவின் மாதிரி ஒற்றை வீட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போகப் போக, வாடகைக்கு வரும் வீடுகள் குறைகின்றனவாம். நானும் தேட வேண்டும். தேடுவேன்.

நேற்று மாலை வேலையிலிருந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது கெவினிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. “இன்று இரவு பலத்த காற்று என்கிறார்கள். கேட்பதற்கு மன்னிக்கவும். ஷெட் கூரையில் உங்கள் செங்கற்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்க்க முடியுமா? ஏணியில் கவனம்.” அவரிடம் ஏச்சு வாங்கிய பிறகும் நான் அவற்றை எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை. நான் கொல்லைக்குப் போய் ஏணியைச் சாய்த்து ஏறினேன். சரிந்திருந்த இரண்டு கல்லை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. அம்மா. ஊரில் அப்போது நன்றாக இருட்டியிருக்கும், வழக்கமாக அழைக்கிற நேரமில்லை. பயந்துபோய் எடுத்தேன். பதுளையிலும் காற்று. விறகடுப்புக்கு மேலே இருக்கிற தகரம் தூக்கித் தூக்கி அடிக்கிறதாம். நீங்க ஏறாதீங்கம்மா என்று கத்தினேன். “நான் ஏறல. ஃபர்ஸானா ஏறிட்டா. நியாஸ் தம்பி ஏணியப் புடிச்சிருக்காரு. கல்ல எங்க வைக்கணும்னு நீ சொல்லு, ஒனக்குத்தான தெரியும்.” ஓரத்தில வைக்காதீங்க, மடிப்பு மேல, ஆணிக்குப் பக்கத்தில என்றேன். காற்றில் என் குரல் போய்ச் சேர்ந்ததோ என்னவோ. சற்று நேரத்தில் அங்கே தகரத்தின் மேல் கல் உட்காரும் சத்தம் காதுக்குள் கேட்டது. நான் ஏணியிலேயே நின்றேன். என்னுடையது இல்லாத கூரையில் என் கை இருந்தது. எங்களுடைய கூரையில் வேறொருத்தியின் கை இருந்தது. அடுத்த கல்லை எங்கே வைப்பது என்று ஃபர்ஸானா அங்கிருந்து கேட்டார். நான் இங்கே கையிலிருந்த செங்கல்லை வைத்துக் காட்டியபடி, இங்க, இங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.